நூல் பிடித்தவர்கள்

குசராத்திலோ இராசத்தானிலோ குடியேறி வாழும் தமிழர், தம் தெருவில் 'சுத்தார்' என்னும் பெயர்ப்பலகையை எத்தனையோ முறை கண்டிருப்பர். மராட்டிய நாட்டிலும் ஒலியில் சிறிது வேறுபட்டு அப்பெயர் வழங்குகின்றது. வங்காளத்திற்குச் சென்றால் அதுவே 'சூத்ரதர்' என முழு உருவில் நிற்கும். பேச்சில் 'சுத்தோர்' எனக் குறுகி மரத்தச்சரைக் குறிக்கும். இப்பெயர்கள் யாவும் 'சூத்திரம்' என்னும் வடசொல்லை வேராகக் கொண்டவை. சூத்திரம் என்பது நூல். சூத்திரதாரர் என்பவர் நூலைத் தாங்கியவர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. தச்சரின் பெட்டியில் உளி உண்டு, வாள் உண்டு, இழைப்புளியும் கொட்டாப்புளியும் உண்டு. மரத்தை வெட்டுவதும் செதுக்குவதும் இவையே. நூலோ மரத்தில் ஒரு கீறலும் இடுவதில்லை. விலையும் மிக அற்பம். அங்ஙனமிருக்க, பாரத நாட்டின் பெரும்பகுதியில் ஒரு தொழிலாளர் சமுதாயத்திற்கே நூலால் பெயர் அமைந்தது எதனால்?

தமிழராகிய நமக்கு விடை வெகு தொலைவில் இல்லை. நம் மொழியில் நூல் என்றால் பஞ்சில் திரித்த இழை. நூல் என்றால் ஏடும் ஆகும். 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலின் ஆசிரியர் பவணந்தி முனிவர், ஏட்டிற்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதை விளக்குமிடத்துத் தச்சனின் நூலையே எடுத்துக் காட்டுகின்றார். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பது போல, மனத்தின் கோணலை ஏட்டு நூல் தீர்க்கும் என்பது அவர் கருத்து. புலவர் தம் தொழிலுக்குப் பொருள் சொல்லத் தச்சனின் பட்டறைக்குச் சென்றார் என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இன்னும் ஒன்று. எட்டு நூல் கொண்டது ஓர் அங்குலம் என்று நம் நாட்டுத் தச்சரும் கொல்லரும் கணக்கிடுவர். வடநாட்டுக் கட்டட வேலையிடங்களில் இரும்புக்கம்பியின் பருமனைச் சொல்லும்போது 'சூத்' என்கிறார்கள். அதுவும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கே. இந்தி அறியாது புதிதாக வடக்கே சென்ற தமிழ்த் தச்சருக்கு அங்குள்ள மேஸ்திரியிடம் பேச மொழிபெயர்ப்பு வேண்டாத சொல் ஒன்று உண்டென்றால், அது இதுவே எனலாம்.

நூலை வாங்குவது எளிது, வைத்துக்கொள்வது அரிது. பையில் போட்டால் சிக்குண்ணும். மழைக்காலத்தில் ஈரத்தை உண்டு சுருங்கும்; வெயிலில் தளரும். இழுத்துப் பிடிக்க மறுமுனையில் இன்னொருவர் வேண்டும். குறி இட வேண்டுமாயின் சாயமும் வேண்டும். இத்தொல்லைகளை மக்கள் எவ்வெவ்வாறு கடந்தனர் என்பதே இக்கட்டுரையில் நாம் காண விழையும் வரலாறு.

நம் நாட்டில் இதற்கு மிகப் பழைய சான்று சுல்ப சூத்திரங்களில் உள்ளது. சுல்பம் என்றால் கயிறு. வேள்விக்களத்தை அளந்து அமைக்கும் முறையைக் கூறும் இவ்வேடுகளுள் போதாயனர், ஆபத்தம்பர், காத்தியாயனர், மானவர் ஆகியோர் பெயரால் வழங்குவன புகழ் பெற்றவை. ஆபத்தம்பர் மகாவேதி என்னும் பெருங்களத்தை அமைக்கும் வகையைப் பார்ப்போம். அக்களம் கிழக்கு மேற்காக 36 அளவு நீளம் உடையது. மேற்கு ஓரம் 30. கிழக்கு ஓரம் 24. நடுக்கோட்டின் இரு கோடிகளிலும் முளைகள் அடிக்கப்பட்டுள்ளன. இப்பொழுது 36 அளவுள்ள கயிற்றோடு மேலும் 18 அளவு கூட்டி 54 ஆக்கிக்கொள்ள வேண்டும். அதன் இரு முனைகளிலும் கண்ணி முடிந்து, மேற்குக் கோடியிலிருந்து 15ஆம் அளவில் ஓர் அடையாளம் இட வேண்டும். கண்ணிகளை இரு முளைகளிலும் மாட்டி, அடையாளத்தைப் பிடித்துத் தெற்கே இழுத்தால், ஒருபுறம் 15, மறுபுறம் 39, இடையே 36 என முக்கோணம் ஒன்று அமையும். 15இன் வர்க்கம் 225. 36இன் வர்க்கம் 1296. இரண்டும் சேர்ந்தால் 1521. அது 39இன் வர்க்கம். ஆகவே மேற்கு முளையில் அமைவது பிழையற்ற நேர்கோணம். அவ்வாறே வடக்கேயும் இழுத்தால் மேற்கு ஓரத்தின் 30 அளவு முற்றும். கயிற்றில் முன்னரே இட்ட 12ஆம் அளவின் அடையாளம் கிழக்கு ஓரத்திற்குத் துணையாகும்.

இக்கணக்கின் அருமையைப் பலர் பேசியுள்ளனர். கயிற்றைக் கையாண்ட திறனைப் பேசியவர் குறைவு. முனைகளில் கண்ணி, கண்ணிக்கு முளை, நடுவே அழியாத அடையாளம் என இம்மூன்றும் அமைந்துவிட்டால், முனையைப் பிடிக்க இருவர் நிற்க வேண்டியதில்லை, அளவுகோலும் வேண்டியதில்லை. ஒருவரே நடுவில் நின்று இழுத்துக் களம் முழுவதையும் அமைத்துவிடலாம். கோணமட்டம், அளவுகோல், உதவியாள் ஆகிய மூன்றையும் ஒரு கயிற்றுக்குள் மடித்து வைத்துவிட்டார்கள் என்பது மிகையன்று.

கயிறு தெய்வச் சடங்கிற்குரியதாயின் அதன் மீது அச்சமும் ஏறுமன்றோ? பரதரின் நாட்டிய சாத்திரத்தில் ஆடரங்கு அமைக்கும் இயலைப் பார்த்தால் இது விளங்கும். பூச நாளில் வெண்ணூல் விரித்து நிலத்தை அளக்க வேண்டும். நூல் பருத்தியாலோ முஞ்சைப் புல்லாலோ மரவுரியாலோ அறாதபடி திரித்ததாய் இருத்தல் வேண்டும். அளக்கும்போது நூல் பாதியில் அற்றால் அரங்கின் தலைவனுக்கு உயிர்க்கேடு. மூன்றில் ஒரு பங்கில் அற்றால் நாட்டிற்குக் கேடு. நான்கில் ஒரு பங்கில் அற்றால் ஆட்டுவிக்கும் ஆசானுக்குக் கேடு. கையினின்று நழுவினாலும் ஏதேனும் இழப்பு நேரும் என்று அவ்வேடு எச்சரிக்கின்றது. மூடநம்பிக்கை என்று நாம் இதை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆயின் 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உள்ள அரங்கிற்குக் கால்கோள் செய்யும் வேளையில் இற்றுப்போன நூலைக் கொண்டுவரும் துணிவு எவருக்கும் வாராதபடி செய்ய, இதனினும் சிறந்த வழி வேறு உண்டோ? நூலைச் சோதித்துப் பார்த்துக் கொண்டுவா என்று சொன்னால் கேளாதவனும், அறுந்தால் தலைவன் மாள்வான் என்று சொன்னால் கேட்பான்.

தமிழ்நாட்டிலும் இம்முறை வழங்கியது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரசியின் மாளிகை எழுந்த வரலாற்றைக் கூறுகின்றார். நண்பகலில் கோலின் நிழலைக் கொண்டு திசை தேர்ந்து, கட்டடக் கலையின் ஏடுகளைக் கற்றவர் நுட்பமாகக் கயிறு பிடித்து மனை வகுத்தனர் என்பது அங்கு வரும் செய்தி. ஏடறிந்தவரும் கயிறு பிடித்தவரும் அப்பாட்டில் ஒருவரே. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மயமதம், மானசாரம் முதலிய சிற்ப ஏடுகள் கட்டட வினைஞரை நால்வகையாகப் பிரிக்கின்றன. தபதி என்பவர் தலைவர். அவருக்கு அடுத்த நிலையில் நிற்பவர் சூத்திரகிராகி, அதாவது நூல் பிடிப்பவர். மரத்தையும் கல்லையும் செதுக்கும் தட்சகரும், பகுதிகளைப் பொருத்திக் கட்டும் வர்த்தகியும் அவர்க்குப் பின்னரே. வெட்டுபவனுக்கு மேல் கோடிடுபவன் என்பது நம் முன்னோர் வகுத்த வரிசை. இது பொருத்தமே. வாள் தவறினால் ஒரு பலகை கெடும். நூல் தவறினால் கோயிலே கோணும். கர்நாடகத்துப் பட்டடக்கல்லில், காஞ்சியை வென்ற இரண்டாம் விக்கிரமாதித்தனின் பட்டத்தரசி உலோகமாதேவி 8ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயிலில், சர்வசித்தி ஆசாரி என்னும் சிற்பி 'தென்திசைச் சூத்திரதாரி' என்று கல்வெட்டில் போற்றப்படுகின்றார். அக்கோயிலைக் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், அப்பட்டத்தில் வரும் தென்திசை என்னும் சொல்லைச் சற்று நின்று படிப்பர்.

15ஆம் நூற்றாண்டில் மேவாரில் ராணா கும்பனின் ஆட்சிக்காலத்தில் வாழ்ந்த மண்டனர் தம் பெயருக்கு முன் 'சூத்திரதாரர்' என்னும் அடையைத் தாங்கியவர். அவர் இயற்றிய இராசவல்லபம், வினைஞர் கைக்கொள்ள வேண்டிய எட்டுச் சூத்திரங்களைக் கூறுகின்றது. கண், முழக்கோல், முஞ்சைக் கயிறு, பருத்தி நூல், தூக்குநூல், மூலைமட்டம், மட்டம் பார்க்கும் கருவி, கவராயம் என்பன அவை. இவற்றுள் உண்மையில் இழையாய் இருப்பவை மூன்றே. ஆயினும் எட்டிற்கும் சூத்திரம் என்றே பெயர். முதலாவது கண் என்பது நம்மை வியக்கச் செய்கின்றது. கருவி இல்லாமலே நேர் பார்க்கும் பயின்ற கண்ணையும் ஒரு நூலாக எண்ணினர்! முஞ்சைக் கயிறும் பருத்தி நூலும் தனித்தனியே வைக்கப்பட்டதிலும் தொழிலறிவு உண்டு. தடித்த முரட்டுக் கயிறு நெடிய நிலத்தை அளப்பதற்குத் தகும்; மரத்தின்மேல் மெல்லிய கோடு வீழ்த்தப் பருத்தி நூலே ஏற்றது.

இவ்வளவு உயர்ந்த நிலையில் இருந்த நூல் பிடிப்பவர் பிற்காலத்தில் என்ன ஆனார்? சூத்திரம் என்னும் ஒரே சொல் இரண்டு கிளையாகப் பிரிந்தது. சூத்திரம் கற்றவர் பண்டிதர் ஆனார். சூத்திரம் பிடித்தவர் கூலியாளர் ஆனார். வேள்விக்களத்தில் கயிறு பிடித்த கையும் கணக்கை ஓதிய வாயும் ஒருவருடையதாய் இருந்த நிலை மாறி, வாய் ஒரு குலத்திற்கும் கை ஒரு குலத்திற்கும் உரியதாயிற்று. இதனால் இருதிறத்தாரும் இழந்தனர். கயிற்றை விட்ட பண்டிதரிடம் வடிவக்கணக்கு மனப்பாடமாய்ச் சுருங்கிற்று. ஏடு இழந்த தச்சரிடம் அது 'அப்பன் சொன்ன வழி' என்னும் அளவில் நின்றது. வங்காளத்துச் செங்கற்கோயில்களின் சுவர்களில் சுடுமண் சிற்பங்களை நிறைத்தவர்கள் இச்சூத்திரதரரே. அவருள் சிலர் தம் பெயரைக் கோயில் கல்வெட்டில் பொறித்து வைத்தனர். பலர் பெயரை நாம் அறியோம்.

இனி, பிறநாட்டார் நூலைப் பேணிய வகையையும் சிறிது காண்போம்.

எகிப்தியர் கோயிலுக்கு அடிப்படை இடும் சடங்கிற்குக் 'கயிறு நீட்டல்' என்றே பெயர். எட்பூ, தெந்தரா ஆகிய ஊர்க் கோயில்களின் சுவர்களில், அரசனும் செசாத்து என்னும் கல்வித் தெய்வமும் கயிறு மாட்டிய முளைகளை எதிரெதிரே நின்று அடிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கல்விக்கும் எழுத்திற்கும் உரிய தெய்வமே அங்குக் கயிற்றிற்கும் உரியவள் என்பது, நம் 'நூல்' என்னும் சொல்லை நினைவூட்டுகின்றது. செங்காவியில் தோய்த்த நூலைத் தெறித்து இட்ட கோடுகள் முற்றுப்பெறாத அந்நாட்டுக் கல்லறைச் சுவர்களில் மூவாயிரம் ஆண்டு கழிந்தும் அழியாமல் இருக்கின்றன.

கயிறு நீளுவதும் சுருங்குவதுமாகிய தொல்லைக்கு ஒரு மருந்தை, கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியாவின் ஈரோன் எழுதி வைத்துள்ளார். கயிற்றை இரு முளைகளுக்கிடையே இறுக்கிக் கட்டிச் சில நேரம் விட வேண்டும். தளர்ந்ததும் மீண்டும் இறுக்க வேண்டும். இவ்வாறு பலமுறை செய்தபின் மெழுகும் குங்கிலியமும் கலந்து பூச வேண்டும். அதன்மேல் பளுவைக் கட்டி நெடுநேரம் தொங்கவிட வேண்டும். அதற்குமேல் கயிறு சிறிதும் நீளாது என்கிறார் அவர். மெழுகு ஈரத்தைத் தடுக்கும். பளு முறுக்கில் மறைந்திருக்கும் தளர்ச்சியை முன்னரே வெளியேற்றிவிடும். புதுநூலை வாங்கிய அன்றே நேர்க்கோட்டிற்குப் பயன்படுத்தாமல் ஓரிரவு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்க்கு இன்றும் இந்நன்மை கிடைக்கும்.

ஆயினும் இத்துறையில் முதலிடம் கீழ்த்திசை நாட்டாருக்கே கொடுக்க வேண்டும். சீனத்துத் தச்சர் நூலுக்கென மரத்தால் ஒரு கலம் செய்தனர். அதன் முற்பகுதியில் ஒரு குழி. அதில் மை ஊறிய பஞ்சு. பிற்பகுதியில் ஓர் உருளை. அதில் சுற்றிய நூல். நூல் பஞ்சினூடே சென்று சிறு துளைவழி வெளிவரும். அதன் முனையில் ஊசி பொருத்திய ஒரு சிறு கட்டை. ஊசியை மரத்தில் குத்திவிட்டுக் கலத்தைக் கையில் ஏந்தி நடந்தால் உருளை சுழலும். நூல் தானே மையில் தோய்ந்து வரும். மறுமுனையில் கட்டைவிரலால் அழுத்தி, நூலை நேர்மேலே தூக்கி விட்டால் மயிரிழை போன்ற கோடு வீழும். பின்னர் உருளையைத் திருப்பினால் நூல் சிக்கின்றிக் கலத்துள் அடங்கும். சிக்கல், சாயம், மறுமுனை ஆள் ஆகிய தொல்லைகளை ஒரே கலத்தில் தீர்த்த திறனை என்னென்பது! தச்சரின் குலமுதல்வராகச் சீனர் போற்றும் லூ பானுக்கு அவர் தாயே நூலின் முனையைப் பிடித்து நின்றாள் என்றும், தாயின் உழைப்பைக் குறைக்கவே முனையில் கொக்கி அமைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. அக்கொக்கிக்குப் 'பானின் தாய்' என்றே பெயர்.

சப்பானியர் இக்கலத்தை 'சுமித்சுபோ' என்று அழைத்து, அதைக் கலைப்பொருளாகவே வளர்த்தனர். நாரா நகரின் சோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டின் அரும்பொருள்களோடு, நாகவடிவப் படகு போல் செய்து வெள்ளித்தகடு பதித்த மைக்கலம் ஒன்றும் உள்ளது. அதே நகரின் தோதாயி கோயிலின் தெற்குப் பெருவாயில் 1199ஆம் ஆண்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. 1879ஆம் ஆண்டில் அதைப் பழுதுபார்த்தபோது உத்தரத்தின்மீது ஒரு மைக்கலம் கிடைத்தது. வாயிலைக் கட்டிய தச்சர் மறந்து விட்டுச் சென்றதாக அதனைக் கருதுகின்றனர். இக்கோயிலோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. 752ஆம் ஆண்டில் அங்குள்ள பெரும்புத்தர் படிமத்திற்குக் கண் திறந்தவர் தென்னிந்தியாவினின்று சென்ற போதிசேனர் என்னும் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நெடிய நூல்களைக் கட்டி, கூடியிருந்தோர் அவற்றைப் பற்றி அப்புண்ணியத்தில் பங்கு கொண்டனர். நீலம் தோய்த்த அக்கயிறும் சோசோயினில் இன்றுவரை காக்கப்படுகின்றது.

நம் நாட்டுத் தச்சர் இத்தகைய அழகிய கலத்தை நாடவில்லை. ஒரு சிறு கட்டை, அதில் குறுக்கும் நெடுக்குமாய்ச் சுற்றிய நூல், காவியோ கரியோ கரைத்த ஒரு சிரட்டை, இவ்வளவே. எளிமை என்று எண்ணி இகழற்க. குறுக்கும் நெடுக்குமாய்ச் சுற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே திசையில் கட்டையைச் சுற்றிச் சுற்றி நூலை ஏற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு நூலில் ஏறும். தளர்த்தியதும் அது சுருண்டு முடிச்சிடும். எட்டு என்னும் இலக்கத்தைப் போல் மாற்றி மாற்றிச் சுற்றினால், வலச்சுற்றில் ஏறிய முறுக்கு இடச்சுற்றில் இறங்கிவிடும். நூலைக் கழற்றும்போதும் கட்டையின் தலைப்பக்கமாய் உருவாமல், கட்டையையே உருளவிட்டு எடுப்பவரே அனுபவசாலி.

பெருமரத்தைப் பலகையாக அறுக்கும் வேலையில் இந்நூலின் ஆட்சியைக் காணலாம். உருண்டு கிடக்கும் மரத்தில் நேர் என்பது ஏது? முதலில் மரத்தின் இரு வெட்டுமுகங்களிலும் தூக்குநூல் பிடித்து நிலைக்குத்தாகக் கோடிடுவர். பின் அக்கோடுகளின் மேல்நுனிகளை இணைத்து மரத்தின் முதுகில் ஒரு நூல் அடிப்பர். மரத்தைப் புரட்டிக் கீழ்நுனிகளை இணைத்து வயிற்றில் ஒரு நூல் அடிப்பர். மேலே நின்று வாள் இழுப்பவன் முதுகுக் கோட்டையும், கீழே நின்று இழுப்பவன் வயிற்றுக் கோட்டையும் பார்த்து அறுத்தால், ஒருவர் கோட்டை மற்றவர் காணாமலே பலகை நேராய் வரும். நூலைச் சாய்த்துத் தெறித்தால் கோடு வில்லாய் வளையும். ஆகவே தெறிப்பது பெரும்பாலும் மூத்தவரின் வேலை. நீளம் மிகுந்தால், நடுவில் ஒருவிரலால் நூலை மரத்தோடு அழுத்திக்கொண்டு இருபாதியையும் தனித்தனியே தெறிப்பர்.

நீண்ட நூலில் இன்னொரு பகையும் உண்டு. அது நூலின் சொந்த எடை. மீட்டருக்கு 2 கிராம் எடையுள்ள நூலை 10 மீட்டர் தொலைவிற்கு 5 கிலோ பளுவின் இழுப்பில் கட்டினாலும், நடுவில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தாழும். தொலைவை 20 மீட்டராக இரட்டித்தாலோ தாழ்வு இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 20 மில்லிமீட்டரை எட்டும். சுவர் எழுப்பும் கொத்தனார் நீண்ட நூலுக்கு இடையில் ஒரு செங்கல்லை வைத்து நூலை ஏந்தச் செய்வது இதனாலேயே. அவர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவரல்லர். கோணிய சுவரைக் கண்டு கற்றவர்.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரிடையே பரவிய உலோகக் கூடு, சீனரின் கலத்திற்குத் தம்பி முறை ஆகும். மைக்குப் பதில் சுண்ணப்பொடி, ஊசிக்குப் பதில் கொக்கி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. கூட்டின் அடியைக் கூராக்கித் தூக்குக்குண்டாகவும் பயன்படுத்துவர். 1960ஆம் ஆண்டில் லேசர் ஒளி பிறந்தது. அதனைக் கொண்டு சுவர்மீது செங்கோடு வீழ்த்தும் சிறு பெட்டி இன்று பல கட்டட வேலையிடங்களில் உள்ளது. அதற்கு எடையுமில்லை, தாழ்வுமில்லை. பெட்டியை எடுத்தால் கோடும் போய்விடும். நூலை எடுத்தபின் கோடு நிற்கும். வெயிலிலும் ஒளிக்கோடு கண்ணுக்குப் புலப்படுவதரிது. எனவே காவி நூல் இன்னும் பட்டறையை விட்டு நீங்கவில்லை.

கொல்கத்தாவில் வாழும் தமிழர் செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாளை ஒட்டி வரும் விசுவகர்மா பூசையைக் கண்டிருப்பர். முழக்கோலும் நூலும் ஏடும் நீர்க்கலமும் தேவதச்சனுக்கு உரியவை எனச் சிற்ப ஏடுகள் கூறும். அன்று ஆலைகளிலும் பட்டறைகளிலும் கருவிகளைத் துலக்கிப் பொட்டிட்டு வைப்பர். அவற்றைத் தொழிலுக்கு எடுப்பதில்லை. மாடிகள் தோறும் இளைஞர் பட்டம் விடுவர். அப்போது பட்டம் விடுபவனின் பின்னே ஒரு சிறுவன் நிற்பதைப் பார்க்கலாம். நூல் சுற்றிய 'லாட்டாய்' என்னும் உருளையின் இரு காம்புகளையும் அவன் உள்ளங்கைகளில் தளர்வாய் ஏந்தியிருப்பான். பட்டம் இழுக்க இழுக்க உருளை சுழன்று, நூல் முறுக்கேறாமல் வெளியேறிக்கொண்டிருக்கும்.